எட்டுப் பல் சீருடை

அதிதி கார்ப்பரேஷனின் நாற்பத்தொன்றாம் சுற்றறிக்கை சிரிப்பைப் பற்றியது. நாற்பதாவது, குளியலறைக் குழாய்களைப் பற்றியது. முப்பத்தொன்பதாவது, சுற்றறிக்கைகளை ஊழியர்கள் படிப்பதில்லை என்பதைக் கண்டித்தது. அதையும் யாரும் படிக்கவில்லை. நாற்பத்தொன்றை மட்டும் சமையற்காரர் முதல் தோட்டக்காரர் வரை எழுத்துக்கூட்டிப் படித்தார்கள். அதன் கடைசிப் பத்தியில் ‘பணி நிரந்தரம்’ என்ற வார்த்தைகள் இருந்ததுதான் காரணம்.

இது 2004-இல் நடந்தது. கார்ப்பரேஷனுக்குத் திருவனந்தபுரத்தில் ஒரு தலைமை அலுவலகமும், கடலோரத்தில் மூன்று விருந்தினர் மாளிகைகளும் இருந்தன. கார்ப்பரேஷனில் பாதி அரசாங்கத்துடையது. மீதிப் பாதி யாருடையது என்று கேட்டவர்களை மூன்றாவது மாளிகைக்கு மாற்றிவிடுவார்கள். அங்கே தண்ணீர் வராது.

விழிஞ்ஞத்துக்கு மேலே குன்றின்மீது இருந்த மாளிகையின் வாசலில் சுடலைமாடத்தி பன்னிரண்டு வருடமாகத் தினக்கூலிக்கு நின்றாள். வண்டி வந்து நின்றதும் கதவைத் திறக்க வேண்டும், கும்பிட வேண்டும், நெற்றியில் சந்தனம் வைக்க வேண்டும், இளநீரைக் கையில் கொடுக்க வேண்டும், சிரிக்க வேண்டும். முதல் நான்கையும் கார்ப்பரேஷன் இரண்டு நாள் வகுப்பு வைத்துச் சொல்லிக் கொடுத்தது. சிரிப்பை அவள் ஊரிலிருந்தே கொண்டுவந்திருந்தாள். அவள் பெயர் நீளமாக இருந்ததால் மார்பில் குத்தும் பட்டையில் ‘மாலா’ என்று போட்டுக் கொடுத்தார்கள். பட்டை அவ்வளவுதான் அகலம்.

அவளுடைய பற்கள் காவி நிறம். கோவில்பட்டிக்குக் கிழக்கே அவள் பிறந்த கரிசல்காட்டு ஊரில் எல்லோருக்கும் அப்படித்தான். அங்கே ஆழ்குழாய்த் தண்ணீரின் வாகு அது. பெண் பார்க்க வருகிறவர்கள் அந்த ஊரில் பல்லைப் பார்ப்பதில்லை. பார்த்தால் ஒரு கல்யாணமும் நடக்காது. விருந்தினர் மாளிகையின் புகார்ப் புத்தகத்தில் பன்னிரண்டு வருடத்தில் எறும்பைப் பற்றி, மின்சாரத்தைப் பற்றி, சாம்பாரைப் பற்றியெல்லாம் எழுதியிருந்தார்கள். அவள் பல்லைப் பற்றி ஒரு வரி கிடையாது.

கடல் தெரியும் அறையில் பதினோரு நாள் தங்கி, மூன்று வேளையும் கரிமீன் சாப்பிட்ட ஆலோசனை நிறுவனம் ஒன்றுதான் அதைக் கண்டுபிடித்தது. அவர்கள் அறிக்கையின் சாரத்தைச் சுற்றறிக்கை இப்படிச் சொன்னது: ‘ஒரு விருந்தினர் நம்மைப் பற்றிய தம் முடிவை முதல் நான்கு விநாடிகளில் எடுக்கிறார். அந்த நான்கு விநாடிகளும் வரவேற்பவரின் பல்லில் கழிகின்றன.’ ஆகவே விருந்தினர் முன் நிற்கும் ஊழியர் சிரிக்கும்போது மேல் வரிசையில் எட்டுப் பற்கள் தெரிய வேண்டும். நான்கடி தூரத்திலிருந்து தெரிய வேண்டும். நிறம், பல் வைத்தியர்கள் வைத்திருக்கும் மாதிரிப் பட்டையில் ஆறாவது நிறத்துக்கு மேல் மங்கலாக இருக்கக் கூடாது. தேறிய தினக்கூலிகள் நிரந்தரம் ஆக்கப்படுவார்கள். தேறாதவர்கள் விருந்தினர் கண்ணில் படாத வேலைகளுக்கு மாற்றப்படுவார்கள். கண்ணில் படாத வேலைகள் எல்லாம் ஏற்கெனவே நிரம்பிவிட்டதால், அவர்கள் பெயர் பட்டியலிலிருந்து நீக்கப்படும்.

நிரந்தரம் என்றால் சுடலைமாடத்திக்கு ஒரே ஒரு பொருள்தான்: மருத்துவ அட்டை. அவள் புருஷன் வன்னியபெருமாள் டைல்ஸ் ஒட்டுகிறவன். கழக்கூட்டத்தில் எழும்பிக்கொண்டிருந்த கண்ணாடிக் கட்டடங்களின் தரையில் பாதி அவன் குந்தி உட்கார்ந்து ஒட்டியது. பதினைந்து வருடம் கட்டிங் மெஷின் தூசியைத் தின்ற நெஞ்சு இப்போது பேச்சின் நடுவே சீழ்க்கை அடித்தது. நல்ல ஆஸ்பத்திரியில் நெஞ்சைக் காட்ட வேண்டுமென்றால் அந்த அட்டை வேண்டும். அட்டையில் புருஷன் பெயரும் சேரும்.

சிரிப்புத் தர நிர்ணயக் குழு ஒரு திங்கட்கிழமை மாநாட்டு அறையில் கூடியது. தலைவர், ஜெனரல் மேனேஜர். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. சிரிப்பைப் பாரபட்சமில்லாமல் பார்க்க இதுவே தகுதி என்று சொல்லிக்கொண்டார்கள். உறுப்பினர், கட்டடப் பிரிவு இன்ஜினியர். கார்ப்பரேஷனில் வெள்ளையடிப்பது அவர் பொறுப்பில் இருந்தது. செயலாளர், பணியாளர் நல அதிகாரி ஞானையன். பாறசாலைக்காரர், தமிழ் பேசுவார், இரக்கமுள்ளவர் என்று பெயரெடுத்தவர். வேலையை விட்டு நிறுத்தும் கடிதத்தைக்கூட நேரில் கூப்பிட்டு, டீ வாங்கிக் கொடுத்துத்தான் தருவார். பல் வைத்தியர் ஒருவரையும் சேர்க்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. அவர் பல்லைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார் என்பதால் கைவிட்டார்கள்.

“வாயத் தொற மாலா. பயப்படண்டாம்,” என்றார் ஞானையன். “இது பரீட்ச ஒண்ணும் இல்ல. சும்மா ஒரு பரிசோதன, கேட்டியா?”

நிற மாதிரிப் பட்டையில் பதினாறு பீங்கான் பற்கள் சாவிக்கொத்துபோல் தொங்கின. இன்ஜினியர் ஒவ்வொன்றாக அவள் பல்லருகே பிடித்துப் பார்த்தார். ஆறைத் தாண்டினார், பத்தைத் தாண்டினார், பதினாறும் முடிந்தது.

“இந்தக் கலர் கம்பெனியிலே இல்ல சார்,” என்றார்.

ஜெனரல் மேனேஜர் கண்ணாடியைக் கழற்றினார். “இல்லாத நிறத்தில் பல் எப்படி இருக்க முடியும்? இன்னொரு தடவை பாருங்கள்.”

இன்னொரு தடவை பார்த்தார்கள். இருந்தது.

சுடலைமாடத்தி வாயை மூடி, எச்சில் விழுங்கிவிட்டுச் சொன்னாள்: “சார், பல்லு நல்ல கெட்டி சார். புளியங்கொட்டய வறுத்துக் குடுத்தா இப்பவும் கடிப்பேன். பன்னெண்டு வருசத்துல பல்லு வலின்னு ஒரு நா லீவு போட்டதில்ல.”

ஞானையன் அதை மலையாளத்தில் எடுத்துச் சொன்னார்.

“வலியைப் பற்றிச் சுற்றறிக்கையில் ஒன்றும் இல்லையே,” என்றார் ஜெனரல் மேனேஜர். அவர் கொடுமைக்காரர் இல்லை என்பதால் சிறிது விளக்கமும் தந்தார். “இந்தப் பெண்மீது நமக்கு எந்த வருத்தமும் கிடையாது. அவள் சிரிப்பு நல்ல சிரிப்பு, நானே கேட்டிருக்கிறேன். ஆனால் விருந்தினர் காசு கொடுத்துக் கடலைப் பார்க்க வருகிறார். வாசலிலேயே அவருக்கு ஒரு ஊரின் குடிநீர்ப் பிரச்சினையைக் காட்டினால் அவர் மனம் என்ன ஆகும்? ஏழ்மையை நாம் மதிக்கிறோம். அது வாசலில் நிற்க வேண்டாம் என்று மட்டும்தான் கேட்கிறோம்.”

குறிப்பேட்டில் நிறத்துக்கான கட்டத்தில் ‘பொருந்தவில்லை’ என்று எழுதினார்கள். பற்களைச் சீர்செய்துகொள்ள மூன்று மாதம் அவகாசம் தரப்பட்டது.

அவள் அரசு பல் ஆஸ்பத்திரிக்குப் போனாள். அங்கிருந்த வயதான டாக்டர் தட்டிப் பார்த்தார், குத்திப் பார்த்தார், இந்த மாதிரிப் பல்லைப் பார்த்து எத்தனை நாளாயிற்று என்றார். ‘பற்கள் ஆரோக்கியமானவை. சிகிச்சை தேவையில்லை’ என்று முத்திரை குத்திக் கொடுத்தார். அவள் அதைச் சந்தோஷமாகக் கொண்டுபோய் ஞானையனிடம் நீட்டினாள். ஞானையன் படித்துவிட்டுத் தலையில் கைவைத்தார்.

“நீ எதுக்குப் பிள்ளே இத வாங்கிட்டு வந்த? சீக்குன்னு எழுதியிருந்தா, தினக்கூலியானாலும் இந்தப் பல்லுக்கு மட்டும் மெடிக்கல்ல செலவு வாங்கித் தந்திருப்பேன். இப்பம் உனக்க பல்லு நல்ல பல்லுன்னு ரெக்கார்ட் ஆயிப்போச்சு. நல்ல பல்லுக்கு எப்பிடி வைத்தியம் பாக்க?”

“நல்ல பல்லுன்னா அப்ப பாஸ் போடலாம்லா சார்?”

“அது வேற செக்‌ஷன்.”

ஒரே வாரத்தில் அவளுக்கு இரண்டு கடிதங்கள் வந்தன. முதலாவதில் மருத்துவப் பிரிவு அவளுடைய பல்லின் ஆரோக்கியத்தைப் பாராட்டி, செலவுத் தொகை தர மறுத்தது. இரண்டாவதில் குழு, அதே பல்லுக்காக வருத்தம் தெரிவித்து, இன்னும் எழுபத்தொரு நாள்தான் இருக்கிறது என்று நினைவூட்டியது.

பல்லின்மேல் பீங்கான் முகப்பு ஒட்டுகிற வேலை ஒன்று உண்டு, அதைச் செய்துகொண்டால் எல்லாம் சரியாகும் என்று ஞானையன்தான் சொன்னார். நகரத்தில் டாக்டர் அஜிதா என்பவரின் கிளினிக்குக்கு ஒரு சீட்டும் கொடுத்தனுப்பினார். வன்னியபெருமாளும் கூட வந்தான். குளிரூட்டிய அறையில் அவன் முதலில் குனிந்து தரையைத்தான் பார்த்தான். மூலையில் ஒரு டைல்ஸ் தூக்கியிருந்தது.

டாக்டர் அஜிதா சின்ன வயதுக்காரி. பொய் சொல்லிப் பழகியிருக்கவில்லை. “சேச்சி, நான் ஒண்ணும் மறைக்கல கேட்டோ. பல்லோட மேல் பாகத்தைக் கொஞ்சம் ராவி எடுக்கணும். பின்னே நகம் போல கனம் கொறஞ்ச பீங்கான் அதுமேல ஒட்டுவோம். மேலே எட்டுப் பல்லு. பாக்கறதுக்கு நல்லா இருக்கும்.”

“ராவுனது திரும்ப வளருமா டாக்டரம்மா?”

“இல்ல. வளராது.”

“புடிக்கலன்னா அந்தப் பீங்கானக் கழத்திப் போட்டுட்டுப் பழைய பல்லோட இருந்துக்கிடலாமா?”

“அது முடியாது சேச்சி. ராவின பல்லு சும்மா இருக்கக்கூடாது, கூசும். இந்தப் பீங்கான் பத்து வருஷம், கூடிப்போனா பதினஞ்சு வருஷம் நிக்கும். பின்னே புதுசு ஒட்டணும். அப்புறம் திரும்பவும். ஆயுசு முழுக்க அப்படித்தான். எலும்பு கடிக்கக்கூடாது, முறுக்கு கூடாது, கரும்பு கூடாது.”

“எம் பல்லுல என்னதான் டாக்டரம்மா கொற?”

டாக்டர் அஜிதா விளக்கை அணைத்தாள். “ஒரு கொறையும் இல்ல. எனக்கே இத்தர உறப்புள்ள பல்லு கிடையாது. என்கிட்ட கேட்டா வேண்டாம்னு சொல்வேன். உங்க கார்ப்பரேஷன் என்கிட்ட அதைக் கேக்கல. எட்டுக்கு என்ன ரேட்டுன்னுதான் கேட்டாங்க.”

பேருந்து நிறுத்தத்தில் வன்னியபெருமாள், “எங்க வேலதான் புள்ள இது,” என்றான். “பழைய தர வழவழன்னு நல்லா இருக்கும். அதுமேல டைல்ஸ் புடிக்காது. அதுக்காக நல்ல தரையப் பூராக் கொத்திவிடுவோம். வீட்டுக்காரன் வந்து பாத்தா அழுதுருவான். ஒட்டி முடிச்சப்புறம் பளபளன்னு இருக்கும், சந்தோசமாப் போயிருவான். கீழ இருக்கது கொத்துன தர, அது எங்களுக்குத்தான் தெரியும். வேண்டாம் புள்ள. ஊருல போயி எதயாச்சும் பாப்போம்.”

“ஊருல என்ன இருக்கு பாக்க?” என்றாள். அவன் பதில் சொல்ல வாயெடுத்தான். இருமல் முந்திக்கொண்டது.

இதற்குள் விஷயம் யூனியனுக்கு எட்டியது. செயலாளர் ஷைஜு வாயிற்கூட்டம் போட்டார். சுடலைமாடத்தியை முன்வரிசையில் ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, பேசும்போதெல்லாம் அவளைக் கைகாட்டினார்.

“தோழர்களே! ஒரு தொழிலாளியின் பல்லில் கைவைக்க நிர்வாகத்துக்கு யார் அதிகாரம் கொடுத்தது? இந்தப் பல், உழைக்கும் வர்க்கத்தின் பல்! இதன் காவி நிறம், ஒரு ஊருக்கே நல்ல தண்ணீர் தராத அமைப்பின் மீதான குற்றப்பத்திரிகை! இதைச் சுரண்டி எடுப்பது சாட்சியத்தை அழிப்பதாகும்! ஒருக்காலும் அனுமதிக்க மாட்டோம்!” கைதட்டல் அடங்கும்வரை காத்திருந்தார். “அனுமதிப்பதாக இருந்தால், எல்லோருக்கும் தர வேண்டும்! டிரைவருக்கு இல்லையா பல்? வாட்ச்மேனுக்கு இல்லையா? ஓய்வு பெற்றவர்களுக்கு இல்லையா?” ஓய்வு பெற்றவர்கள் சிலருக்கு உண்மையிலேயே இல்லை, அவர்கள்தான் பலமாகக் கைதட்டினார்கள். “ஒரே வேலைக்கு ஒரே வெண்மை! இதுவே நம் கோஷம்!”

கூட்டம் முடிந்ததும் சுடலைமாடத்தி அவர் அருகில் போய்க் கேட்டாள். “தம்பி, நான் இப்ப ஒட்டணுமா, ஒட்டக்கூடாதா?”

“சேச்சி அந்தச் சின்ன விஷயத்தெல்லாம் இப்ப யோசிக்கண்டாம்,” என்றார் ஷைஜு. “நம்ம போராட்டம் பெரிசு. அது தீர ஒண்ணு ரெண்டு வருஷம் ஆகும்.”

அவளுக்கு நாற்பத்திரண்டு நாள் இருந்தது.

செலவு விஷயத்தைத் தீர்த்துவைத்தது கணக்குப் பிரிவு. இந்தக் கார்ப்பரேஷனில் மூளை இருந்த ஒரே இடம் அதுதான், அதனால் அதற்கு எல்லோரும் பயந்தார்கள். அவர்கள் கோப்பில் எழுதிய குறிப்பு இது: ‘ஆரோக்கியமான பல்லின்மேல் ஒட்டப்படும் பீங்கான், மருத்துவம் ஆகாது. ஊழியரின் தோற்றத்தை ஒரே சீராக்க நிர்வாகம் வழங்கும் பொருள் எதுவோ அது சீருடை. எனவே இவற்றைப் புடவை, செருப்பு, பெயர்ப் பட்டை ஆகியவற்றோடு சீருடைக் கணக்கில் வழங்கலாம்.’ ஜெனரல் மேனேஜர் இதைப் படித்துவிட்டு இரண்டு முறை அடிக்கோடு போட்டாராம்.

சீருடை என்று ஆனபிறகு சீருடை விதிகளும் ஆயின. ஞானையன் டீ வாங்கிக் கொடுத்து, ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினார். பற்கள் கார்ப்பரேஷனின் சொத்து. சலவைப் படியில் பற்பசையும் அடங்கும். பணி நேரத்துக்கு வெளியே, சொந்த நிகழ்ச்சிகளில் சீருடையைப் பயன்படுத்தக் கூடாது. வேலையை விட்டுப் போகும்போது நல்ல நிலையில் ஒப்படைக்க வேண்டும்.

“எப்படி சார் ஒப்படைக்க?”

“அதெல்லாம் ரிட்டயர் ஆவும்போ பாக்கலாம். அப்பம் நானும் இருக்க மாட்டேன். இங்க ஒரு ஒப்பு போடு.”

அவள் உடனே போடவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டாள். பன்னிரண்டு வருடத்தில் அவள் அந்த அறையில் அப்படிச் சொன்னது அதுவே முதல் தடவை. ஞானையனுக்கு மனம் சங்கடப்பட்டது. அவள் குடிக்காமல் வைத்துப்போன டீயையும் அவரே குடித்தார்.

மறுநாள் அவள் லீவு போட்டுவிட்டு வன்னியபெருமாளை அரசாங்கப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். காலை ஆறு மணிக்கு வரிசையில் நின்றார்கள். பதினோரு மணிக்குச் சீட்டு கிடைத்தது. ஒரு மணிக்கு டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டுவிட்டு, ஒரு ஸ்கேன் எடுக்க வேண்டும், இங்கே எடுப்பதானால் நான்கு மாதம் கழித்துத்தான் தேதி, வெளியே எடுக்க வசதி இருக்கிறதா என்று கேட்டார். வசதி இல்லை என்பதை வன்னியபெருமாள் சிரித்துக்கொண்டே சொன்னான். அவனுக்கும் காவிப்பல்தான், அவனும் பக்கத்து ஊர்க்காரன். வெளியே வந்து படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினான். அந்த மூச்சு அடங்கக் கால் மணி நேரம் ஆனது. அவள் அவன் முதுகைத் தடவியபடி எதிரே மருந்துக் கடையின் பெயரைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கோபம் வந்தது. ஜெனரல் மேனேஜர் மேலே இல்லை, தூசி மேலே இல்லை, தன் பல்லின் மேலேயே வந்தது. இத்தனை கெட்டியாக இருந்து என்ன செய்துவிட்டது?

மறுநாள் காலை கையெழுத்துப் போட்டாள்.

ராவும் வேலை இரண்டு நாள் நடந்தது. வலிக்கவில்லை, மரத்துப்போக ஊசி போட்டிருந்தார்கள். சத்தம்தான் தாங்க முடியவில்லை. அது வன்னியபெருமாளின் மெஷின் சத்தமேதான், சின்னதாக, அவள் மண்டைக்குள். வாய் கொப்பளிக்கச் சொன்னபோது வெள்ளைப் பொடி வந்தது. நடுவில் டாக்டர் அஜிதா கைகழுவப் போயிருந்த நேரத்தில் அவள் தட்டிலிருந்த சின்னக் கண்ணாடியை எடுத்துப் பார்த்துவிட்டாள். எட்டுப் பற்களும் குறுகி, ஒன்றுக்கொன்று தள்ளி, குழந்தைப் பல் விழுந்த வாய்போல் இருந்தது. கண்ணாடியைக் கவிழ்த்து வைத்தாள். திரும்பி வந்த டாக்டர் அதைப் பார்த்தாள். அவள் தோளில் ஒரு நிமிஷம் கைவைத்திருந்தாள்.

பற்கள் வந்ததும் ‘சீருடைப் பல் வழங்கும் விழா’ என்று பந்தல் போட்டு ஒரு நிகழ்ச்சி. ஏற்கெனவே ஒட்டி முடித்திருந்த பல்லை மேடையில் எப்படி வழங்குவது என்பதில் சிறு குழப்பம் இருந்தது. கடைசியில் ஜெனரல் மேனேஜர் ஒரு காலி வெல்வெட் பெட்டியை அவள் கையில் கொடுப்பது, அவள் உடனே சிரிப்பது, புகைப்படம் எடுப்பது என்று முடிவாயிற்று. மூன்று முறை ஒத்திகை பார்த்தார்கள்.

ஜெனரல் மேனேஜர் பேசினார். “மனிதர்களை மாற்ற முடியாது என்பார்கள். நாங்கள் எட்டுப் பல்லை மாற்றினோம். இதோ, இந்தச் சகோதரி பன்னிரண்டு வருடம் நம் வாசலில் நின்றார். நான் தினமும் அந்த வழியாகத்தான் போகிறேன். ஒரு நாள்கூட அவரை நிமிர்ந்து பார்த்ததில்லை என்பதை வெட்கமில்லாமல் ஒப்புக்கொள்கிறேன். இன்று பார்க்கிறேன். பார்க்கவைத்தது எது? கார்ப்பரேஷன்!” பெட்டி கைமாறியது. அவள் சிரித்தாள். இன்ஜினியர் பட்டையை உயர்த்திக் காட்டினார், இரண்டாவது நிறம்.

நிரந்தர ஆணை வந்தது. ஒரு வருடம் தகுதிகாண் பருவம் என்றும், அது குறையில்லாமல் முடிந்தபிறகே மருத்துவ அட்டை என்றும் அதன் கீழே இருந்தது. “ஒரு வருஷம் கண்ண மூடித் தொறக்கதுக்குள்ள போயிரும்,” என்றார் ஞானையன்.

ஏழாவது மாதத்தில் ஒரு மெமோ வந்தது. முக்கோலா சந்திப்பில் மாலை ஆறு பத்துக்கு, மீன்காரி ராகேலிடம் சாளை வாங்கும்போது, ஊழியர் மாலா எட்டுப் பற்களும் தெரியச் சிரித்ததைக் கண்காணிப்புப் பிரிவு நேரில் பார்த்திருக்கிறது. பணி நேரத்துக்கு வெளியே சீருடையைப் பயன்படுத்தியதற்கு ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது?

“அவ ஒரு தமாசு சொன்னா சார். சிரிப்பு வந்துட்டு. வந்துட்டுன்னு எழுதிரவா?” என்று ஞானையனிடம் கேட்டாள்.

“அது ஒழுங்கீனம் ஆயிரும் மாலா. தும்மல்னு எழுது. தும்மலுக்கு ரூல் கிடையாது.”

தும்மல் என்று எழுதினாள். கார்ப்பரேஷன் அதைப் பெருந்தன்மையோடு ஏற்றுக்கொண்டு, தகுதிகாண் பருவத்தை மூன்று மாதம் மட்டும் நீட்டித்தது. அதற்குப் பிறகு அவள் சந்தையில் உதட்டை இறுக்கிக்கொண்டு நடந்தாள். வீட்டிலும் அது தொற்றிக்கொண்டது. வன்னியபெருமாள் அவளைச் சிரிக்கவைக்க ஏதாவது சொல்லிவிட்டு, அவள் முகத்தைப் பார்ப்பான். கொஞ்ச நாளில் பார்ப்பதை நிறுத்தினான், பிறகு சொல்வதையும் நிறுத்தினான். அவனுக்குப் பேச மூச்சும் போதவில்லை. அவன் இப்போது வேலைக்குப் போவதில்லை.

அட்டைக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தபோது குழு மறுபடியும் கூடியது. வாசலுக்கு இன்னொரு பெண் தேவைப்பட்டாள். குழுவில் ஊழியர் பிரதிநிதி ஒருவர் இருக்க வேண்டுமென்று யூனியன் போராடி வென்றிருந்தது. ஷைஜு முன்மொழிய, ஜெனரல் மேனேஜர் வழிமொழிய, அந்த நாற்காலி சுடலைமாடத்திக்குக் கிடைத்தது. இன்ஜினியர் பட்டையை அவள் பக்கம் தள்ளினார்.

மூன்றாவதாக உள்ளே வந்த பெண்ணின் பெயர் பகவதி. பத்தொன்பது வயது. விண்ணப்பத்தில் இருந்த ஊர், சுடலைமாடத்தியின் ஊருக்கு மூன்று மைல் கிழக்கே. கல்யாணமாகி வந்த இடத்தில் புருஷன் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பொடிந்து கிடக்கிறான் என்று ஞானையன் வாசித்தார். அவள் வாசலிலேயே எல்லோரையும் பார்த்து வாய் நிறையச் சிரித்தாள். நல்ல, தாராளமான, காவிநிறச் சிரிப்பு. ஜெனரல் மேனேஜர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சுடலைமாடத்தி எழுந்து போய்ப் பட்டையை அவள் பல்லருகே பிடித்தாள். ஒவ்வொன்றாகத் தள்ளத் தேவையில்லை என்று தெரிந்தும் பதினாறையும் தள்ளினாள்.

பகவதி தமிழில் மெதுவாகச் சொன்னாள். “மேடம், எங்க பக்கத்து அக்கா ஒருத்தங்க இங்க வாசல்ல நிக்காங்கன்னு ஊருல சொன்னாங்க. எங்கள மாரியே பல்லுதானாம். எந்நேரமும் சிரிச்ச மொகமாவே இருப்பாங்களாம். அவங்களுக்குக் குடுத்திருக்கீங்கள்லா, அந்தத் தைரியத்துலதான் வந்தேன். அவங்க இன்னிக்கு டூட்டியா மேடம்?”

சுடலைமாடத்தி பட்டையைக் கீழே இறக்கினாள். உன் பல்லை ராவக் கொடுக்காதே, ஓடிப்போ என்று சொல்லத் தோன்றியது. அதே நேரத்தில், பீங்கானை ஒட்டிக்கொள், இரு, புருஷனைக் காப்பாற்று என்று சொல்லவும் தோன்றியது. ஜெனரல் மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வீட்டில் ஒருவன் சுவரில் சாய்ந்தபடி மூச்சை எண்ணிக்கொண்டிருந்தான். இன்னும் மூன்று வாரம்.

“அவங்க இப்ப இங்க இல்ல,” என்றாள்.

“என்ன மாலா, எப்பிடி?” என்றார் ஞானையன், பேனாவைத் திறந்துகொண்டு.

“பொருந்தல சார்.”

அவர் எழுதி நீட்டினார். அவள் ‘மாலா’ என்று கையெழுத்துப் போட்டாள். விஷயம் புரியாத பகவதி, முடிந்ததா மேடம், எப்ப வரணும் என்று கேட்டு, அவளை நோக்கிக் கைகூப்பினாள். கடிதம் வரும் என்று சுடலைமாடத்தி சொன்னாள். தன் நாற்காலிக்குத் திரும்பி, பட்டையை முந்தானையால் துடைத்து வைத்துவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.